சொந்தக் கட்சி செனட்டரை எதிர்த்தே நிற்கிறார்கள். கட்சியை விட்டு நீக்க மாட்டார்களா?

காரிமங்கலம் உரக்கடை எழுதியது:

வணக்கம். காரிமங்கலத்தில் சின்னதாக ஒரு உரக்கடை வைத்திருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைக்கு ஆள் வருவது குறைவு. அந்த நேரத்தில் செய்தி பார்ப்பேன். கொஞ்ச நாளாக ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 2026 நவம்பர் 3-ஆம் தேதி தேர்தல். அதற்கு 2025 தொடக்கத்திலேயே 'நான் நிற்கிறேன், நான் நிற்கிறேன்' என்று கிளம்பிவிட்டார்கள். அதைக்கூட விடுங்கள். டெக்சாஸில் ஜான் கார்னின் என்பவர் 2002-இல் ஜெயித்ததில் இருந்து செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்), குடியரசுக் கட்சி. அதே மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (தலைமைச் சட்ட அதிகாரி) கென் பாக்ஸ்டன், அவரும் அதே கட்சி. இவர் 2025 ஏப்ரலில் டிவியில் உட்கார்ந்துகொண்டு கார்னினை எதிர்த்து நிற்கப்போவதாக அறிவிக்கிறார். கட்சி இவரை நீக்கவில்லை. நம்மூரில் இப்படிப் பேசினால் சாயங்காலத்துக்குள் 'அடிப்படை உறுப்பினர் பொறுப்பில் இருந்தும் நீக்கம்' என்று அறிக்கை வந்துவிடும்.

எதற்குக் கேட்கிறேன் என்றால், எங்கள் அப்பா 38 வருடம் ஒரே கட்சியில் கிளைச் செயலாளராக இருந்தவர். கட்சி பெயர் வேண்டாம். ஒரு தடவை சட்டமன்றத்துக்கு விருப்ப மனு போட்டார். கறவை மாட்டை விற்றுத்தான் கட்டணம் கட்டினார். நேர்காணலுக்கு தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பஸ் ஏற்றிவிட்டேன். அங்கே உள்ளே போனவர் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" இது ஒன்றுதான் கேள்வி. பட்டியலில் வந்தது, கட்சிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒருவர் பெயர். அப்பா மறுநாள் காலையிலேயே கொடியைக் கட்டிக்கொண்டு அவருக்கு ஓட்டுக் கேட்கப் போனார். இன்றுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அதனால் கேட்கிறேன். அங்கே வேட்பாளரை முடிவு செய்வது யார்?

கிருஷ்ணகிரி வாத்தியார்:

போட்டித்தேர்வு வகுப்பில் வருடா வருடம் இந்தக் கேள்வி வரும், சுருக்கமாகச் சொல்கிறேன் சார். அங்கே ஒரு பதவிக்கு இரண்டு தேர்தல். நவம்பரில் நடப்பது கட்சிக்கும் கட்சிக்கும். அதற்கு முன்னால் ஒவ்வொரு கட்சிக்குள்ளும் நடப்பது பிரைமரி. யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவர்தான் கட்சி வேட்பாளர். சட்டம் போட்டு நடக்கும் தேர்தல் அது. தலைமை கையெழுத்துப் போட்டு, இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று பி ஃபார்ம் கொடுக்கும் வேலையே கிடையாது. டெக்சாஸ் பிரைமரி 2026 மார்ச் 3-ஆம் தேதி. யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இருவருக்குள் மே 26-இல் மறுபடியும் மோதல். செனட்டில் உள்ள கட்சித் தலைவர்கள் கார்னின் பக்கம்தான். ஆனாலும் பாக்ஸ்டனின் பெயரை ஓட்டுச் சீட்டில் இருந்து எடுக்க அவர்களால் முடியாது.

காவேரிப்பட்டணத்துப் பொண்ணு:

அண்ணா, உங்கள் அப்பா கதையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பிறந்தது காவேரிப்பட்டணம், இப்போது ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறேன். குடியுரிமை வந்த பிறகு இரண்டு பிரைமரிகளில் பூத் வேலை பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் பூத் ஒரு சர்ச் ஹால். காலை ஆறரைக்குக் கதவு திறக்க வேண்டும், நாங்கள் ஐந்தரைக்கே போய்விடுவோம். என் மேஜையில் என்னோடு உட்கார்ந்த அம்மா எதிர்க்கட்சி. எல்லோரும் ஒரே கட்சிக்காரர்களாக இருக்கக் கூடாது என்பது விதி. ஓட்டுப் போட வருபவர் அடையாள அட்டையைக் காட்டுவார், பெயரைத் தேடிக் கையெழுத்து வாங்குவோம். அப்புறம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும்?"

முதல் நாள் அந்தக் கேள்வி எனக்கு வாயில் வரவே இல்லை. நம்மூரில் பூத்துக்குள் யாரையாவது அப்படிக் கேட்க முடியுமா? முதலில் வந்தவர் ஒரு பெரியவர், பூட்ஸ் முழுக்கச் சேறு, பால் கறந்துவிட்டு நேராக வந்திருக்கிறார். ரேஷன் கடையில் 'பச்சரிசியா புழுங்கலா' என்றால் அம்மா எப்படிப் பதில் சொல்வாரோ, அப்படிச் சாதாரணமாக "ரிபப்ளிகன்" என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு கட்சியும் வேண்டாம் என்றால், உள்ளூர் வரி மாதிரி விஷயங்கள் மட்டும் உள்ள சீட்டும் உண்டு.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த மேஜையில்தான் இருக்கிறது அண்ணா. ஓஹையோவில் கட்சி உறுப்பினர் அட்டை என்று எதுவும் தேவையில்லை. போன பிரைமரியில் எந்தச் சீட்டு கேட்டீர்களோ அதுதான் உங்கள் கட்சி. அந்தப் பதிவும் அரசாங்கத்தின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, கட்சி ஆபீஸில் இல்லை. கட்சி கொடுக்காத ஒன்றைக் கட்சி எப்படிப் பறிக்கும்?

நிற்பதற்கும் அப்படித்தான். ஓஹையோவில் கீழவை எம்.பி. பதவிக்குப் பெரிய கட்சியின் பிரைமரியில் நிற்க, தொகுதியில் அந்தக் கட்சி வாக்காளர்கள் 50 பேர் கையெழுத்துப் போட்டால் போதும். கவர்னர் பதவிக்கு (அங்கே அது நம் முதல்வர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டு வருவது) 1,000. உங்கள் அப்பாவுக்காகக் காரிமங்கலம் சந்தையில் ஒரு காலையில் ஐம்பது கையெழுத்து வாங்கியிருக்க முடியாதா?

காரிமங்கலம் உரக்கடை:

ஐம்பது என்னம்மா, எங்கள் தெருவிலேயே வாங்கியிருப்பேன். மனது நிறைந்துவிட்டது. சரி, அப்படியென்றால் கட்சித் தலைவர்களுக்கு அங்கே வேலையே இல்லையா? ஒன்றரை வருடம் முன்னாலேயே ஏன் கிளம்புகிறார்கள்?

காவேரிப்பட்டணத்துப் பொண்ணு:

வேலை இருக்கிறது அண்ணா, அதை மறைத்தால் தப்பு. எங்கள் மாநிலத்திலேயே பாருங்கள். கவர்னர் டிவைன் தொடர்ந்து மூன்றாவது முறை நிற்க முடியாது, சட்டம் அப்படி. அட்டர்னி ஜெனரல் டேவ் யோஸ்ட் 2025 ஜனவரியிலேயே களத்துக்கு வந்தார். பிப்ரவரியில் விவேக் ராமசாமி வந்தார், பாலக்காடு வடக்கஞ்சேரியில் வேர் உள்ள தமிழ்க் குடும்பம். உடனே டிரம்ப் ஆதரவு தெரிவித்தார். மே மாதம் மாநிலக் குடியரசுக் கட்சியும் விவேக்குக்கு ஆதரவு என்று தீர்மானம் போட்டது. ஒரு வாரத்தில் யோஸ்ட் விலகிக்கொண்டார். பிரைமரிக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது!

யாரும் யோஸ்ட்டை நீக்கவில்லை. நிற்க அவருக்கு முழு உரிமை இருந்தது. ஆனால் ஆதரவு ஒரு பக்கம் சாய்ந்தால் நன்கொடையும் அந்தப் பக்கமே போகும். முன்கூட்டியே கிளம்புவது இதற்காகத்தான். 2026 தேர்தலில் நாடாளுமன்றப் பதவிகளுக்கு ஒரு ஆள் ஒரு வேட்பாளருக்கு 3,500 டாலர்தான் தரலாம், பிரைமரிக்குத் தனி, நவம்பருக்குத் தனி. நேரடியாக ஒரே ஆளிடம் கோடி வாங்க முடியாது என்பதால் ஆயிரக்கணக்கான பேரிடம் போக வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கையும் வெளியிட வேண்டும். ஒருவர் கணக்கில் பெரிய தொகை தெரிந்தால் மற்றவர்கள் இறங்கவே யோசிப்பார்கள். இல்லினாயில் செனட்டர் டிக் டர்பின் இனி நிற்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சொன்னார். மே மாதமே ராஜா கிருஷ்ணமூர்த்தி எம்.பி. இடத்துக்கு மறுபடி நிற்காமல் செனட்டுக்கு இறங்கினார். எம்.பி. கணக்கில் சேர்த்த பணத்தை செனட் கணக்குக்கு மாற்றிக்கொள்ள அங்கே அனுமதி உண்டு. சேர்த்து வைத்தவருக்கு அது எவ்வளவு பெரிய பலம் பாருங்கள்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:

எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் நான் மாறுபடுகிறேன். பிரைமரியில் ஓட்டுப் போடுவது எத்தனை பேர் என்று பார்த்தீர்களா?

2018-இல் நியூயார்க்கில் அலெக்ஸாண்டிரியா ஒகாசியோ-கோர்டெஸ், பத்து முறை எம்.பி.யாக இருந்த ஜோ கிரௌலியைத் தோற்கடித்தார். அந்தப் பெண் அதற்குக் கொஞ்ச நாள் முன்புவரை பாரில் வேலை பார்த்தவர், எனக்கும் அந்த வெற்றியில் சந்தோஷம்தான். ஆனால் தொகுதியில் ஏழு லட்சம் ஜனம், அந்த பிரைமரியில் விழுந்த ஓட்டு முப்பதாயிரம்கூட வராது. நவம்பரில் அங்கே அவர் கட்சியை யாரும் அசைக்க முடியாது. அப்படியென்றால் அந்த முப்பதாயிரம் பேர்தான் எம்.பி.யை முடிவு செய்தார்கள். நம் தர்மபுரியில் 2024-இல் 81 சதவீத ஓட்டு, தமிழ்நாட்டிலேயே அதிகம். வெயிலில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அதில் பங்கு இருந்தது.

இன்னொன்று. பிரைமரிக்குத் தவறாமல் வருவது கட்சியிலேயே தீவிரமானவர்கள். இண்டியானாவில் ரிச்சர்ட் லூகர் 36 வருட செனட்டர், எதிர்க்கட்சியும் மதித்த மனிதர். 2012 பிரைமரியில் அவரைத் தோற்கடித்து ரிச்சர்ட் மர்டாக்கைக் கொண்டுவந்தார்கள். நவம்பரில் மர்டாக் தோற்றார், இடமே எதிர்க்கட்சிக்குப் போனது. வயோமிங்கில் லிஸ் செனி 2020 பிரைமரியில் 73 சதவீதம் வாங்கியவர். டிரம்பைப் பதவிநீக்கம் செய்ய ஓட்டுப் போட்டார், 2022 பிரைமரியில் 29 சதவீதம். அன்று அப்படி ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சி எம்.பி.க்கள் பத்துப் பேர். நான்கு பேர் மறுபடி நிற்கவே இல்லை, நான்கு பேர் பிரைமரியில் தோற்றார்கள், தப்பியது இரண்டு பேர். நம்மூர் எம்.எல்.ஏ. தலைமைக்குப் பயப்படுகிறார், அங்கே பிரைமரிக்குப் பயப்படுகிறார்கள்.

கிருஷ்ணகிரி வாத்தியார்:

அந்த இரண்டு பேர் எந்த மாநிலம் என்று பாருங்கள் தம்பி. டேவிட் வலடாவோ கலிபோர்னியா, டான் நியூஹவுஸ் வாஷிங்டன். இரண்டு இடத்திலும் கட்சிக்கொரு சீட்டு கிடையாது. எல்லா வேட்பாளர் பெயரும் ஒரே சீட்டில், எல்லா வாக்காளரும் போடலாம், முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள். வாஷிங்டனிலேயே இன்னொருவர், ஜெய்மி ஹெரேரா பியூட்லர், கொஞ்ச ஓட்டில் தோற்றார், அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் விதியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கட்சி யாருடையது என்ற கேள்வியை அங்கே நீதிமன்றமே பார்த்திருக்கிறது. டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி ஒரு காலத்தில், நாங்கள் தனியார் சங்கம், வெள்ளையர்தான் உறுப்பினர், எங்கள் பிரைமரியில் கறுப்பர் ஓட்டுப் போட முடியாது என்றது. ஹூஸ்டனில் லானி ஸ்மித் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் வழக்குப் போட்டார். அவருக்கு வாதாடியவர்களில் தர்குட் மார்ஷல் ஒருவர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 1944-இல் எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு: வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் தேர்தலில் ஒரு பகுதி, அங்கேயும் இன ஒதுக்கல் கூடாது. இதை நடத்தும்போது வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது.

காவேரிப்பட்டணத்துப் பொண்ணு:

ஓசூர் அண்ணா சொன்ன கூட்டக் குறைவு உண்மை. காலை பதினொரு மணிக்கு எங்கள் ஹாலில் நாங்கள் மட்டும் உட்கார்ந்திருப்போம், காபி ஆறிப்போகும். எனக்கும் அது வேதனைதான். ஆனால் வராதவர்களுக்கும் கதவு திறந்தே இருந்தது. உரக்கடை அண்ணாவின் அப்பாவுக்குக் கதவே இல்லை. இரண்டும் ஒன்று என்று என்னால் சொல்ல முடியாது.

இதுவும் அங்கே தானாக வரவில்லை. விஸ்கான்சினில் ராபர்ட் லா ஃபாலெட் 1896-லும் 1898-லும் கட்சி மாநாட்டில் கவர்னர் வேட்பாளர் ஆக முயன்று தோற்றார். பிரதிநிதிகளைப் பணம் கொடுத்து வளைத்துவிட்டார்கள் என்று குற்றம்சாட்டினார். 1900-இல் ஜெயித்து கவர்னர் ஆனதும் பிரைமரிக்குச் சட்டம் கொண்டுவந்தார், 1904-இல் மக்கள் ஓட்டுப் போட்டு அதை ஏற்றார்கள். மாநாட்டு வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தர் செய்த வேலை அண்ணா அது.

காரிமங்கலம் உரக்கடை:

ராத்திரி சாப்பிட்ட பிறகு இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். லா ஃபாலெட் கதையை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "தோத்தவன் சும்மா இருப்பானா? சுயேச்சையா நின்னு ஓட்டைப் பிரிக்க மாட்டானா?" பூத்தில் ஆயுசுக்கும் உட்கார்ந்தவர், சரியான இடத்தில் கை வைக்கிறார்.

காவேரிப்பட்டணத்துப் பொண்ணு:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அதற்குச் சட்டத்திலேயே தடை. ஓஹையோவில் பிரைமரியில் தோற்றவர் அதே பதவிக்கு அந்த நவம்பரில் சுயேச்சையாக நிற்க முடியாது. தடை இல்லாத இடத்தில் நடந்ததும் உண்டு. கனெக்டிகட்டில் ஜோ லீபர்மேன் 2006 பிரைமரியில் தோற்று, தனியாக நின்று செனட்டர் ஆனார்.

அப்பாவுக்குப் பிடிக்கக்கூடியது அலாஸ்கா கதை. லிசா மர்கௌஸ்கி 2010 பிரைமரியில் தோற்றார், சீட்டில் பெயர் கிடையாது. ஆனால் அங்கே வாக்காளர் தன் கையால் ஒரு பெயரை எழுதி ஓட்டுப் போடலாம். அவர் பெயரோ எழுதக் கஷ்டமான பெயர். அதனால் பெயரை அச்சடித்த கைப்பட்டைகளை ஊர் ஊராகக் கொடுத்தார்கள், மணிக்கட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பத்தாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். எழுத்துப்பிழை இருந்த சீட்டுகளையும், யாருக்கு என்பது தெளிவாக இருந்தால், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

எங்கள் பிரைமரி 2026 மே 5. அதற்கு முன்னால் தேர்தல் அலுவலகம் மாதிரிச் சீட்டை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடும். வந்ததும் இங்கே போடுகிறேன், அப்பாவுக்குப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்.

காரிமங்கலம் உரக்கடை:

போடும்மா. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை இருக்கிறது, ஏ3 சைஸில் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். இரண்டு கட்சிச் சீட்டும் வேண்டும் என்கிறார்.