குளிர்ப் பகுதிகளில் தொட்டி எலுமிச்சை மரங்களை வசந்தத்தில் வெளியே வைப்பது எப்போது, எப்படி?

கேள்வி: மாடத்தோட்டம்

வணக்கம். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் தெற்கு நோக்கிய சன்னலருகே வைத்திருந்த மூன்று தொட்டி மரங்களை வெளியே எடுத்து வைப்பது குறித்து உங்கள் ஆலோசனையை நாடுகிறேன். ஒன்று மேயர் எலுமிச்சை, இன்னொன்று மெல்லிய தோலுடைய சிறிய உருண்டைக் காய்களைத் தரும் எலுமிச்சை, மூன்றாவது கும்குவாட் என்ற சிறு ஆரஞ்சு வகை. மூன்றும் ஒட்டுக்கட்டிய மரங்கள்.

இப்போது பகலில் 15 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் ஏறுகிறது. இரவில் அது 3 அல்லது 4 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் மேயர் எலுமிச்சை நிறைய இலைகளை உதிர்த்தது; சன்னல் வெளிச்சம் தாராளமாகக் கிடைத்தும் ஏன் உதிர்த்தது என்பது எனக்குப் புரியவில்லை. இப்போது அது புதிதாகத் தளிர்த்திருக்கிறது. ஆனால் அந்த இளம் இலைகள் மஞ்சளாகவும், அவற்றின் நரம்புகள் மட்டும் பச்சையாகவும் தெரிகின்றன. கும்குவாட்டின் அடிப்பகுதியிலிருந்து முள்ளுடன் கூடிய ஒரு கிளை மிக வேகமாக வளர்ந்துவருகிறது. அதன் இலைகள் மும்மூன்றாகப் பிரிந்திருக்கின்றன.

இரவு வெப்பநிலை எந்த அளவுக்கு உயர்ந்தபின் இவற்றை வெளியே வைக்கலாம்? அதுவரை பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுப்பது நல்லதா? வெளியே எடுக்கும்போதே பெரிய தொட்டிக்கும் மாற்றிவிடலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வேரடி

வணக்கம். இலை உதிர்த்த மரம் மீண்டும் தளிர்த்திருப்பது நல்ல அறிகுறி. உங்கள் கேள்வி முழுவதும் இரவுக் குளிரைச் சுற்றியே அமைந்திருக்கிறது. அந்தக் கவலை நியாயமானதே. ஆயினும் வசந்தத்தில் வெளியே வைக்கப்படும் தொட்டி மரங்களுக்குப் பகல் வெயிலால் நேரும் பாதிப்பே மிகுதி என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் குளிருக்கு அஞ்சி எல்லோரும் காத்திருக்கிறார்கள், வெயிலுக்கு யாரும் அஞ்சுவதில்லை.

வீட்டுக்குள் நமக்கு மிகுந்த வெளிச்சமாகத் தெரியும் இடம் மரத்துக்கு அப்படி இருப்பதில்லை. நம் கண்கள் வெளிச்சத்துக்கு ஏற்பத் தம்மைச் சரிசெய்துகொள்வதால் வேறுபாட்டின் அளவு நமக்குத் தெரிவதில்லை. தெளிந்த வானில் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) அளவுக்கு இருக்கும். அதே நாளில் வெளியில் உள்ள திறந்த நிழலில்கூட 10,000 லக்ஸுக்குக் குறையாது. சன்னலிலிருந்து ஓரிரு மீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் இடத்தில் ஆயிரம் லக்ஸ் கிடைப்பதே அரிது. மேலும் சாதாரண சன்னல் கண்ணாடி புற ஊதா-பி கதிர்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. குளிர்காலத்தில் உள்ளே விரிந்த இலைகள் அந்த மங்கிய ஒளிக்கு ஏற்ப மெலிதாகவும் அகலமாகவும் உருவானவை; அவற்றை நேராக வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரே பிற்பகலில் வெளுத்த திட்டுகள் தோன்றி, பின்னர் பழுப்பாகிக் காய்ந்துவிடும். அப்படிக் கருகிய பகுதி மீண்டும் பச்சையாவதில்லை. வெளியில் புதிதாக விரியும் இலைகள்தான் அந்த ஒளிக்கு ஏற்ற தடிப்புடன் வரும்.

ஆகவே முதல் சில நாட்கள் வெயில் நேராக விழாத இடத்தில், வட அரைக்கோளமானால் வீட்டின் வடக்குச் சுவரோரத்திலோ அடர்ந்த மரத்தடியிலோ, வைத்திருங்கள். அந்த நிழலே உங்கள் அறையைவிடப் பன்மடங்கு ஒளி நிறைந்தது என்பதால் மரத்துக்கு எந்தக் குறையும் நேராது. பின்னர் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்து இரண்டு மணி நேரம் என்று கூட்டி, பத்து முதல் பதினான்கு நாட்களில் முழு வெயிலுக்குக் கொண்டுசெல்லலாம். மூடிய வானமும் மெல்லிய தூறலுமாகச் சில நாட்கள் தொடரும் என்று முன்னறிவிப்பு வந்தால், தொடங்குவதற்கு அதைவிடச் சிறந்த வேளை இல்லை. காற்றையும் மறந்துவிட வேண்டாம்: அசைவே இல்லாத அறையில் வளர்ந்த தளிர்கள் பலமற்றவை, பலத்த காற்றில் ஒடிந்துவிடும். காற்று மண்ணையும் விரைவாக உலர்த்துவதால், உள்ளே வாரம் ஒருமுறை நீர் கேட்ட தொட்டி வெளியே இரண்டு நாட்களுக்கு ஒருமுறை கேட்கலாம். நாள்கணக்கு வைக்காமல் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

அடுத்து வேர். எலுமிச்சைக் குடும்பத்து மரங்களின் வளர்ச்சி ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே நின்றுவிடுகிறது. வேர்கள் நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேகமும் அங்கே மிகவும் குறைந்துவிடுகிறது. உங்கள் மேயர் எலுமிச்சை இலை உதிர்த்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். சன்னல் வழியே வரும் வெயிலில் இலைகள் சூடேறி நீரை ஆவியாக வெளியேற்றுகின்றன. குளிர்ந்த தரையில் நிற்கும் தொட்டியின் வேர்களோ அந்த இழப்பை ஈடுசெய்ய இயலாமல் இருக்கின்றன. மரம் இலைகளை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்த நிலையில், வாடியிருக்கிறதே என்று மேலும் மேலும் நீர் ஊற்றுவது வேரழுகலில் கொண்டுபோய் விடும். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதும் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாததன் அடையாளமே. மண்ணில் இரும்பு இல்லை என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம். மண் சூடேறியதும் பெரும்பாலும் தானாகவே பச்சை ஏறும். அப்படியும் ஏறாவிட்டால், நீங்கள் ஊற்றும் நீர் காரத்தன்மை மிகுந்ததா என்று பாருங்கள். உரம் இடுவதையும் அதுவரை தள்ளிவையுங்கள்.

எனவே வெளியே வைப்பதற்கு முன் காற்றின் வெப்பத்தோடு தொட்டி மண்ணின் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். சமையலுக்குப் பயன்படும் குத்து வெப்பமானி போதுமானது. தொட்டியை வெறும் கற்தளத்தில் வைக்காமல் மரச்சட்டங்களின் மீது உயர்த்தி வைத்தால் மண் விரைவாகச் சூடேறும், வடிகாலும் அடைபடாது.

இரவு வெப்பநிலைக்கு என் அளவுகோல் 10 டிகிரி. ஓர் இரவு அப்படி இருந்தால் போதாது. அடுத்த ஒரு வாரத்துக்கான முன்னறிவிப்பிலும் அதற்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். முன்னறிவிப்பில் சொல்லப்படும் வெப்பநிலை தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், மறைப்புக்குள் அளக்கப்படுவது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையையொட்டிய பகுதி அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். ஆகையால் 3 டிகிரி என்று அறிவிக்கப்பட்ட இரவிலும் உங்கள் தொட்டியின் இலைகளில் உறைபனி படியக்கூடும்.

மறுமொழி: பசுந்தளிர்

வேரடி அவர்கள் ஒளியைப் பற்றிக் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். 10 டிகிரி என்ற அளவு மட்டும் மூன்று மரங்களுக்கும் ஒன்றேயாக இருக்கவேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் மூன்றில் மெல்லிய தோல் எலுமிச்சைதான் குளிரை மிகக் குறைவாகத் தாங்குவது. வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றே கீழே இறங்கினாலும் அதன் இலைகளும் இளங்கிளைகளும் கெட்டுவிடும். மேயர் எலுமிச்சை அதைவிடச் சற்று உறுதியானது. கும்குவாட் இவை இரண்டையும்விட நெடுந்தூரம் தாங்கும். எனவே கும்குவாட்டை முதலிலும், மேயரை அடுத்தும், சிறிய எலுமிச்சையைக் கடைசியிலும் வெளியேற்றுவது பொருத்தம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கும்குவாட் மைனஸ் 6 டிகிரி வரையிலோ அதற்கும் கீழேயோ தாங்கும் என்று நூல்களில் நீங்கள் படித்திருக்கலாம். அந்த எண், நிலத்தில் ஊன்றி நின்று, இலையுதிர்காலக் குளிரில் படிப்படியாகப் பழகி, வளர்ச்சியை நிறுத்திக்கொண்ட மரத்துக்கு உரியது. சூடான அறையில் குளிர்காலத்தைக் கழித்துத் தளிர்விட்டு நிற்கும் மரத்துக்கு அது சிறிதும் பொருந்தாது. தொட்டியில் வேர்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் குளிர்ந்த காற்றே இருப்பதால், நிலத்து மரத்துக்கு உள்ள பாதுகாப்பும் அதற்கு இல்லை. கும்குவாட்டுக்கு 7 அல்லது 8 டிகிரி இரவுகள் போதும் என்பேன். அதைவிடக் குளிர்ந்த இரவுகளுக்குத் துணிய வேண்டாம்.

பகலில் வெளியே, இரவில் உள்ளே என்ற முறையைப் பலர் குறை கூறுகிறார்கள். தொட்டி தூக்கக்கூடிய அளவில் இருந்தால், அல்லது சக்கரப் பலகையில் நிறுத்தியிருந்தால், அது நல்ல முறையே. ஒளிக்குப் பழக்கும் வேலையும் அதிலேயே தொடங்கிவிடும். இரவில் திரும்பவும் சூடான கூடத்துக்கு எடுத்துச் செல்லாமல், சூடேற்றப்படாத, ஆனால் உறைபனி எட்டாத ஓர் இடத்தில் வையுங்கள். 5 முதல் 10 டிகிரியில் இருக்கும் வண்டிக்கொட்டகையோ கண்ணாடி அடைத்த முன்தாழ்வாரமோ சரியாக இருக்கும். பகல் 12, இரவு 22 என்று தலைகீழான வெப்பத்தில் மரத்தை வைத்திருந்தால், குளிருக்குச் சற்றும் தாங்காத மெலிந்த தளிர்களை அது தொடர்ந்து விடும்.

காத்திருப்பது கடினம் என்பதை அறிவேன். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1680-களில் கட்டடக் கலைஞர் ஜூல் ஆர்துவான் மான்சார் கட்டிய பெருங்கூடத்தில் இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் பெட்டித் தொட்டிகளில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவற்றையும் மே மாத நடுவில்தான் வெளியே கொண்டுவருகிறார்கள். இத்தனை நூற்றாண்டுப் பழக்கம் உள்ளவர்களே ஏப்ரல் வெயிலை நம்பாதபோது நாமும் பொறுத்திருப்பதில் தவறில்லை.

கும்குவாட்டின் அடியிலிருந்து வரும் அந்த முள் கிளையை உடனே நீக்குங்கள். மும்மூன்று இலைகள் இருப்பதால் அது முவ்விலை ஆரஞ்சு, அதாவது ஒட்டுக்கு அடித்தண்டாகப் பயன்பட்ட மரத்தின் கிளை. கசப்பும் புளிப்புமான, விதை நிறைந்த காய்களைத் தரும் அந்தக் கிளை மேலே உள்ள கும்குவாட்டின் உணவை எடுத்துக்கொண்டு வளரும். விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் மரம் முழுவதும் அதுவாகிவிடும். ஒட்டு இணைந்த தழும்புக்குக் கீழே தோன்றும் எந்தத் தளிரையும், இளசாக இருக்கும்போதே தண்டோடு ஒட்டி அகற்றிவிட வேண்டும். நுனியை மட்டும் வெட்டினால் கிளைத்துப் பெருகும்.

தொட்டி மாற்றுவதை வெளியேற்றும் அதே வாரத்தில் செய்ய வேண்டாம். மரம் வெளியில் நிலைகொண்டு புதுத்தளிர் விடத் தொடங்கியபின், இப்போதுள்ளதைவிட ஐந்து சென்டிமீட்டர் அளவு மட்டுமே அகலமான தொட்டிக்கு மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்: மாடத்தோட்டம்

இருவருக்கும் மிக்க நன்றி. மேயர் எலுமிச்சையின் தொட்டி மண்ணை அளந்து பார்த்தேன்; அறை 20 டிகிரியில் இருக்கும்போதும் மண் 12 டிகிரிதான் காட்டியது. கற்தளத்திலிருந்து உயர்த்தி வைத்துவிட்டேன். கும்குவாட்டின் முள் கிளையையும் நீக்கிவிட்டேன்.

இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. சிறிய எலுமிச்சையின் இலைகளில் பிசுபிசுப்பு இருக்கிறது. இலையின் அடிப்பக்கத்து நடுநரம்பை ஒட்டி, பழுப்பு நிறத்தில் அசையாத சிறு மேடுகள் தெரிகின்றன. வெளியே எடுத்துச் சென்ற பிறகு மருந்து தெளிக்கலாமா, அல்லது முன்னதாகவே தெளிக்க வேண்டுமா?

மறுமொழி: தேன்சிட்டு

அவை செதிற்பூச்சிகள். முன்னதாகவே கவனியுங்கள். மெல்லிய துணியைச் சோப்பு நீரில் நனைத்து ஒவ்வோர் இலையின் இரு பக்கமும், தண்டுகளையும் துடைத்தாலே பெரும்பகுதி நீங்கிவிடும். மூன்று மரங்களுக்கு இது பெரிய வேலையாக இராது. அதன்பின் தோட்டத்துக்கென விற்கப்படும் எண்ணெய்த் தெளிப்பைப் பயன்படுத்தலாம். முட்டைகளிலிருந்து புதியவை வெளிவந்துகொண்டே இருப்பதால் ஒருமுறையோடு நிறுத்தாமல், மருந்துடன் வரும் குறிப்பில் சொல்லப்பட்ட இடைவெளியில் மீண்டும் தெளியுங்கள். எண்ணெய் படிந்த இலைகளை வெயிலில் வைத்தால் அவை கருகும். ஆகவே தெளித்துச் சில நாட்கள் கழிந்த பிறகே வெயிலுக்குப் பழக்கத் தொடங்குங்கள். நீரின்றி வாடியிருக்கும் மரத்துக்கும், வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் நாட்களிலும் எண்ணெய் கூடாது.

வெளியே சென்றதும் பொறிவண்டுகளும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகளும் மீதமுள்ளவற்றைக் குறைக்கும். எறும்புகள் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டால் மட்டுமே அது நடக்கும். பிசுபிசுப்பான அந்த இனிப்பு நீருக்காக எறும்புகள் செதிற்பூச்சிகளுக்குக் காவல் நின்று அவற்றின் எதிரிகளை விரட்டுகின்றன. தொட்டியின் இலைகள் சுவரையோ வேறு செடியையோ தொடாமல் இருக்கட்டும்.

எல்லாம் சரியாகச் செய்து வெளியே வைத்தபின்னும் ஓர் இரவு திடீரென உறைபனி அறிவிக்கப்படலாம். தொட்டியை உள்ளே எடுப்பதே சிறந்தது. இயலாவிட்டால் சுவரோரம் தள்ளி, மெல்லிய துணியால் தரைவரை மூடுங்கள். நெகிழித்தாள் இலைகளைத் தொட்டால் அந்த இடத்தில் இலை கெடும். காலையில் வெயில் ஏறுவதற்குள் மூடியை எடுத்துவிட வேண்டும். அதையும் மீறி இலைகள் கருகினால் உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். கெட்ட இலைகள் சில நாட்களில் தாமாக உதிர்ந்தால் கிளை பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. காய்ந்த இலைகள் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தக் கிளை இறந்திருக்கக்கூடும். எந்த இடம்வரை உயிர் இருக்கிறது என்பதைப் புதுத்தளிர் காட்டும். அது வந்தபின் அந்த இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.