காற்றாலை: நான்கு பினியன்களில் ஒன்று மட்டும் ஏன் தேய்கிறது?

கேள்வி: முப்பந்தல்_பராமரிப்பு

காற்றாலைப் பராமரிப்பில் பணிபுரிகிறேன். கோபுர உச்சியில் அசையாமல் பொருத்தப்பட்டுள்ள, 140 பற்களும் ஏறக்குறைய 2 மீட்டர் விட்டமும் கொண்ட பல்வளையத்தின் மீது, 14 பல் கொண்ட நான்கு பினியன்கள் (சிறு பல்சக்கரங்கள்) உருண்டு நாசெல்லை, அதாவது காற்றாலையின் தலைப்பகுதியை, காற்றை நோக்கித் திருப்புகின்றன. நான்கையும் ஜனவரியில் மாற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து ஒவ்வொன்றுக்கும் 0.42 மி.மீ. பல் இடைவெளி விட்டோம். ஆகஸ்டில் திறந்து பார்த்தால், மூன்றாம் பினியனில் அடுத்தடுத்த மூன்று பற்கள் மட்டும் குழி விழுந்து ஓரம் பெயர்ந்திருக்கின்றன. மற்ற பற்களில் கடைசல் கோடுகூட அழியவில்லை. எஃகு தரமற்றது என்கிறார் மேலாளர். ஒரே தொகுப்பில் வந்த மற்ற மூன்றும் நன்றாக இருப்பதால் எனக்கு அது ஒப்பவில்லை. வெயிலில் வளையம் விரிந்து இடைவெளியை அடைத்திருக்குமோ?

மறுமொழி 1: கோவை_பல்சக்கரம்

வெப்பத்தை விலக்கிவிடலாம். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் விரியும். 20 டிகிரி ஏறினால் வளையத்தின் ஆரம் கால் மி.மீ. அளவுக்குக் கூடும். ஆனால் பினியன்களைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டமும் ஏறக்குறைய அதே வீதத்தில் விரிந்து அவற்றை வெளியே தள்ளிவிடுவதால், மிஞ்சும் வேறுபாடு அற்பம்.

வளையத்தின் ஓட்டப்பிழையை, அதாவது அது சரியான வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை, பாருங்கள். 2 மீட்டர் வளையத்தில் அரை மி.மீ. என்பது நாலாயிரத்தில் ஒரு பங்கு. அதைச் செய்தவருக்கு அது நல்ல வேலை. ஆனால் 20 டிகிரி அழுத்தக்கோணமுள்ள பல்லில் ஆரம் அரை மி.மீ. கூடினால் இடைவெளி சுமார் 0.36 மி.மீ. குறையும், அதாவது வளையத்துக்குப் பொருட்டே அல்லாத பிழை, பினியனின் இடைவெளி முழுவதையும் ஏறக்குறைய விழுங்கிவிடும். நீங்கள் விட்ட 0.42, மாட்யூல் (மி.மீ.-இல் விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தது) 14-இன் 0.03 மடங்கு, சரியான அளவுதான். ஆனால் அதை வளையத்தின் மிக உயர்ந்த பல்லில் வைத்து அளக்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் அந்தப் பல்லில் வண்ணம் பூசி அனுப்புவது அதற்காகத்தான்.

ஜனவரியில் நாசெல் வடகிழக்குக் காற்றைப் பார்த்து நின்றிருக்கும். தென்மேற்குப் பருவத்தில் அது திரும்பி மாதக்கணக்கில் ஏறக்குறைய ஒரே திசையில் நிற்கும்போது, மூன்றாம் பினியன் உயர்ந்த பல்லின் மேல் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். வளையத்தில் ஒரு பல்லின் தூரம் 2.57 டிகிரி, காற்றைத் தேடி நாசெல் எட்டு டிகிரிக்குள் முன்னும் பின்னும் ஆடினால் மூன்று பற்களே வேலை செய்யும். போதாக்குறைக்கு, 140 என்பது 14-ஆல் மீதியின்றி வகுபடுவதால், எத்தனை சுற்று சுற்றி வந்தாலும் அந்த இடத்துக்கு அதே மூன்று பற்கள்தான் வந்து சேரும்.

மறுமொழி 2: உச்சியில்_ஒருவன்

மேற்கண்டதோடு உடன்படுகிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். உயர்ந்த பல்லில் 0.42 வைத்தால் தாழ்ந்த பக்கத்தில் இடைவெளி இருமடங்காகும். அங்கே காற்று தட்டும்போது பல் பல்லை அடிக்கும். ஆகவே நாசெல் திரும்பும்போது பிரேக் அழுத்தத்தை முழுதாக இறக்காமல், சிறிது மிச்சம் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தேரை இழுக்கும்போதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு ஆள் கூடவே நடப்பதில்லையா, அப்படித்தான் இதுவும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. வண்ணம் கிரீஸில் கரைந்து போயிருந்ததால், டயல் கேஜை நாசெல் சட்டத்தில் பொருத்தி, காற்று தணிந்த விடியற்காலையில் ஒரு முழுச் சுற்றுத் திருப்பி அளந்தோம். ஓட்டப்பிழை 0.55 மி.மீ. பருவக்காற்றுத் திசையில் நிறுத்தியபோது மூன்றாம் பினியனில் 0.05 மி.மீ. ஃபீலர் இலைகூட நுழையவில்லை. உயர்ந்த பல்லில் உளியால் குறியிட்டு, பினியன்களைத் தாங்கும் மையம் விலகிய உறையைத் திருப்பி, நான்கையும் அந்தப் பல்லிலேயே வைத்துச் சரிசெய்துள்ளோம். மூன்றாம் பினியன் புதியது. பிரேக் அழுத்தம் உண்மையிலேயே பூஜ்யமாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வால்வை நாளை கழற்றுகிறோம்.