அப்பாவின் காதாக இருக்க எந்தக் குட்டியை எடுக்கலாம்?

கேள்வி (கோத்தகிரி):
அப்பாவுக்கு வயது 71. இரண்டு காதும் ஏறக்குறையக் கேட்பதில்லை. நான் தேயிலை ஆலைக்குப் போனபின் பகல் முழுவதும் தனியாக இருக்கிறார். போன வாரம் குக்கர் வற்றிக் கருகிவிட்டது. விசில் அடித்ததே அவருக்குத் தெரியவில்லை. விசிலோ கதவு தட்டும் சத்தமோ கேட்டால் அவரைத் தொட்டு அழைத்துப்போக ஒரு நாயைப் பழக்க வேண்டும்.

குன்னூரில் ஒரு வீட்டில் ஏழு வார லாப்ரடார் குட்டிகளைப் பார்த்தோம். ஒன்று பாய்ந்து வந்து என் முந்தானையைக் கடித்து இழுத்தது. இன்னொன்று மூலையில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அப்பாவுக்கு அதன்மேல்தான் ஆசை. சாதுவானதுதானே நல்லது?

பதில் (உதகை):
சகோதரி, அது சாதுவா, பயந்து ஒடுங்கியதா? தூங்கி எழுந்த நேரத்தில் அதைப் பழகாத அறைக்குத் தனியாகக் கொண்டுபோய், நாலடி தள்ளி ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கீழே போடுங்கள். திடுக்கிடுவது குற்றமில்லை. அடுத்த நிமிடம் டம்ளரை முகர வருகிறதா, கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் நடக்க வேண்டும். அப்பாவுக்கு வேண்டியதோ சத்தத்தைத் தேடிப் போகிற நாய். காகித உருண்டையை வீசினால் கவ்விக்கொண்டு உங்களிடமே வருவது மிக நல்ல அறிகுறி. தாயின் குணத்தையும் பாருங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவே வேண்டாம்.

பதில் (அரவேனு):
டம்ளர் சோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள் அக்கா. வளரும்போது குணம் மாறும். பயிற்சி நிலையங்களிலேயே பல நாய்கள் பாதியில் விலக்கப்படுகின்றன. ஒரு வயது தாண்டிய நாய் கிடைத்தால் குணம் தெரிந்தே எடுக்கலாம். குட்டிதான் என்றால் முதல் மூன்று மாதம் பொன்னானது. தடுப்பூசிகள் முடியும்வரை தரையில் விடாமல் தூக்கிக்கொண்டே பஸ் நிலையம், சந்தை எல்லாம் காட்டுங்கள். காட்டெருமையைக் கண்டு பாய்கிற நாய் அப்பாவையும் சரிவில் இழுத்துவிடும் என்பதை மறக்காதீர்கள். இரவில் வெளியே கட்டாதீர்கள், சிறுத்தை வரும்.

கேட்டவர்:
நேற்று மறுபடி போனோம். மூலைக் குட்டி கட்டிலுக்கு அடியில் புகுந்தது, பத்து நிமிடம் வரவில்லை. முந்தானைக்காரன் டம்ளரைக் கண்டுகொள்ளவே இல்லை. முதல் நாள் நாங்கள் கவனிக்காத ஒரு பெண்குட்டி துள்ளிப் பின்வாங்கி, காதை நிமிர்த்தி, மெல்ல வந்து டம்ளருக்குள் மூக்கை விட்டது. பிறகு அப்பாவின் செருப்பருகே போய் உட்கார்ந்தது. அவர் குனிந்து தூக்கிக்கொண்டார். எட்டு வாரம் முடிந்ததும் அழைத்து வருகிறோம். தடுப்பூசிக்கு எந்த நாளில் போக வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.