பிஎஸ்2, பிஎஸ்3 எமுலேட்டருக்கு எந்த பிராசசர் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. பழைய கன்சோல் கேம்களை எமுலேட்டரில் (கணினியைக் கன்சோல் போல இயங்க வைக்கும் மென்பொருள்) ஆடுவதற்காகவே ஒரு கணினி அசெம்பிள் செய்யப் போகிறேன். இப்போதுள்ள நான்கு கோர் லேப்டாப்பில் நின்டெண்டோ கேம்களுக்கான டால்பின் எமுலேட்டர் பரவாயில்லை. பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2-இல் கூட்டமான சண்டைக் காட்சி வந்தாலே வேகம் குறைந்து, சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. ரெசல்யூஷனைக் குறைத்தும் மாற்றமில்லை. அதனால் திணறுவது கிராபிக்ஸ் அல்ல, பிராசசர்தான் என்று நினைக்கிறேன்.

பிஎஸ்2-க்கு ஒற்றைக் கோரின் வேகம் முக்கியம், சரி. ஆனால் 2006-இல் வந்த பிஎஸ்3-இன் செல் பிராசசரில் முக்கியக் கோருடன் எஸ்பியூக்கள் (சிறிய துணைக் கோர்கள்) பல இருப்பதால், பிஎஸ்3 எமுலேட்டரான ஆர்பிசிஎஸ்3 நிறைய கோர்கள் கேட்கிறது. ஆறு கோர் போதுமா, எட்டுக்குப் போக வேண்டுமா? ஏவிஎக்ஸ்-512 (ஒரே கட்டளையில் நிறையத் தரவைக் கையாளும் பிராசசர் வசதி) இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறதா? ரேம் 16 ஜிபி போடுகிறேன்.

ஆர்பிசிஎஸ்3 ஓட்டுபவர்கள் உங்கள் பிராசசர், ஆடும் கேம், கிடைக்கும் எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம்) மூன்றையும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.