முகையா, மொட்டா, தங்கலா? 'தங்க்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

அவனியாபுரத்தான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு குட்டி நிரல்மொழி செய்துகொண்டிருப்பது இங்கே பலருக்குத் தெரியும். தமிழில் எழுதலாம், எல்லாமே செயற்கூறுகளால் (ஃபங்ஷன்) நடக்கும், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் தொகுப்பியை ஓகேமல் என்ற நிரல்மொழியில் எழுதுகிறோம். எழில் என்ற தமிழ் நிரல்மொழி ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். எழிலோடு போட்டி எதுவும் இல்லை. தொகுப்பி எழுதக் கற்றுக்கொள்ள, தொகுப்பி ஒன்றை எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறதே!

போன வாரம் பிளஸ் டூ படிக்கும் அக்கா பையனிடம் அதைக் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றிலிருந்து பத்து லட்சம் வரை கூட்ட ஒரு நிரல் எழுதினான். விடை 50,000 கோடியே 5 லட்சம் என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் மொழியில் ஒரு கணக்கைத் தள்ளிவைக்க 'சோம்பல்' என்று ஒரு சிறப்புச்சொல் வைத்திருந்தோம். அவன் அதைக் கண்ட இடத்திலெல்லாம் தூவியிருந்தான். நிரல் செத்து, நாங்களே எழுதிவைத்த பிழைச்செய்தி வந்து நின்றது: "சோம்பல் மதிப்புகள் நிரம்பி வழிந்தன."

"மாமா, யாரைச் சோம்பேறிங்குது? என்னையா, கம்ப்யூட்டரையா?" என்றான்.

பதில் சொல்ல முடியவில்லை. எனவே இந்த மடல். கணக்கிடாமல் தள்ளிவைத்த கணக்கை, ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர்கள் 'தங்க்' என்கிறார்கள். அதைத் திறந்து விடையை வாங்குவது 'ஃபோர்ஸ்'. இரண்டுக்கும் சொல் வேண்டும். தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் இந்த முறைக்கு இருக்கும் 'சோம்பல் மதிப்பீடு' என்ற பழைய சொல்லையும் கழற்றிவிட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

---

திண்டுக்கல்காரர் எழுதியது:

தம்பி, திண்டுக்கல்காரன் என்றதும் பூட்டு, சாவி என்று ஆரம்பிப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. சொல் கையிலேயே இருக்கிறது: 'தங்கு'. வேலை தங்கிப்போச்சு என்கிறோம், பணம் தங்கிப்போச்சு என்கிறோம். ஓடாமல் நிற்கும் கணக்கு 'தங்கல்'. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. இப்படி ஒரு சொல் லாட்டரியில்தான் விழும். 'தங்க்' என்பதே 'திங்க்' என்ற சொல்லுக்கு விளையாட்டாகச் செய்த இறந்தகால வடிவம்தான். அவர்கள் விளையாடியபோது நாமும் விளையாடலாம். முடித்துவிட்டு வேற வேலையைப் பாருங்கள்.

---

அவனியாபுரத்தான் எழுதியது:

அண்ணே, 'தங்கல்' நல்லாத்தான் இருக்கு. இரண்டு நாள் அதையே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் அந்தச் சொல் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. நிற்கிறது என்கிறது, பிறகு என்ன ஆகிறது என்பதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் இதைவிட நல்ல படம் ஒன்று தினமும் ஓடுகிறது.

அம்மா பூ கட்டுவார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து காலையில் வந்து இறங்குவது பூ இல்லை, மொட்டு. மல்லிகையை விடியும் முன்பே மொட்டாகப் பறித்துவிடுகிறார்கள், விரிவது சாயங்காலம். காலையிலேயே விரிந்திருந்தால் வாங்குகிறவர் முகத்தைச் சுளிப்பார். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்குப் பெயரே இதில்தான்: மொட்டு அவசரப்படாது. யோசித்துப் பார்த்தால், இன்னும் நடக்காத ஒன்றுக்குக் கிலோக்கணக்கில் விலை பேசுகிற சந்தை அது.

அம்மா கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, வாழைநாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கட்டிக்கொண்டே எண்ணுவார், முழம் போடுவார், பக்கத்து வீட்டு வழக்கையும் விசாரிப்பார். ஒரு மொட்டைக்கூடப் பிரித்து உள்ளே பார்க்க மாட்டார். ஹாஸ்கெலில் ஒரு பட்டியலின் நீளத்தைக் கேட்டால் அதுவும் இதையேதான் செய்கிறது. பட்டியலுக்குள் பூஜ்ஜியத்தால் வகுக்கும் கணக்கு ஒன்று உட்கார்ந்திருந்தாலும் நீளம் சரியாக வந்துவிடும். கண்ணிகளை எண்ணுகிறதே தவிர, பூவைத் திறப்பதில்லை. ஹாஸ்கெல் படிக்க ஆரம்பித்த புதிதில் இந்த ஒரு விஷயம் எனக்கு மூன்று மாதம் மண்டையில் ஏறவில்லை. அம்மா நார் முடிவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் ஏறியது.

அடுத்தது இன்னும் முக்கியம். விரிந்தது மறுபடி மொட்டாகாது. ஹாஸ்கெலின் ஜிஎச்சி தொகுப்பியில் ஒரு தங்க்கைக் கணக்கிட்டு முடித்ததும், அது இருந்த இடமே விடையைக் காட்டும்படி மாற்றி எழுதப்படும். அதே மதிப்பை நூறு பேர் கேட்டாலும் கணக்கு ஒரு தடவைதான். 'சோம்பல்' இதை எங்கே சொல்கிறது? சோம்பேறியிடம் ஒரு வேலையை இரண்டு தடவை சொன்னால் இரண்டு தடவையும் செய்ய மாட்டான். அவ்வளவுதான் அந்தச் சொல்லில் இருக்கும் சேதி.

அந்தச் சொல்லும் பெரிய ஆய்வுக்குப் பிறகு வந்ததாகத் தெரியவில்லை. 1971-இல் வாட்ஸ்வொர்த் என்ற கணினி ஆய்வாளர் இதைத் 'தேவைக்கு அழைப்பு' என்ற வகையில்தான் சொன்னார். 1976-இல் ஃப்ரீட்மன், வைஸ் இருவரும் ஒரு பக்கம், ஹெண்டர்சன், மாரிஸ் இருவரும் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக இதே யோசனைக்கு வந்தார்கள். பின்னவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே 'லேசி' (சோம்பலான) என்று போட, அது ஒட்டிக்கொண்டது. ஹாஸ்கெல் மொழியின் அறிக்கை அடக்கமாக 'கண்டிப்பற்ற' (நான்-ஸ்ட்ரிக்ட்) என்கிறது. அவர்கள் வீட்டுச் செல்லப்பெயரை நாம் ஏன் மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டும்? 'தேவைவழி மதிப்பீடு' போதும் என்று நினைக்கிறேன்.

அக்கா பையனின் பிழைக்கும் இந்தப் படம் பொருந்துகிறது. ஹாஸ்கெலிலும் பட்டியலை இடப்பக்கத்திலிருந்து மடித்து (ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய்) பத்து லட்சம் எண்களைக் கூட்டச் சொல்லி, நிரலைத் தொகுப்பி தானே செப்பனிடும் ஆப்டிமைசேஷன் போடாமல் விட்டால், கூட்டல் உடனே நடக்காது. கூட்ட வேண்டிய கணக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் குவியும். கடைசியில் விடையைக் கேட்கும்போது முழுக் குவியலையும் ஒரே மூச்சில் திறக்க வேண்டியிருக்கும். முகூர்த்த நாளில் கூடை கூடையாக மொட்டை வாங்கிக் கட்டாமல் போட்டுவைத்துவிட்டு, மாப்பிள்ளை வாசலுக்கு வந்தபின் மாலையைக் கேட்ட மாதிரி.

ஆகவே என் முன்மொழிவு: தங்க் = மொட்டு. ஃபோர்ஸ் = மலர்த்து.

---

மேலூர் ஐயா எழுதியது:

தம்பி, உவமை நன்று. சொல்லை மட்டும் இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கலாம். நம் மொழியில் பூவுக்கு ஏழு பருவம் சொல்வார்கள்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். நீங்கள் சொல்வது ஏதோ ஒரு மொட்டு அல்ல. எல்லாம் உள்ளே தயாராக இருந்து, கேட்டதும் விரியப்போவது. மலருக்கு முந்தின படி. அது முகை.

குறள் 1274-ஐப் பாருங்கள். 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்று தொடங்கும். வெளியே தெரியாத, ஆனால் உள்ளே இருக்கிற மணம். உங்கள் கணினி விஷயம் எனக்கு முழுதும் புரியவில்லை. ஆனாலும் நீங்கள் தேடுவது இதுதான் என்று தோன்றுகிறது.

---

திண்டுக்கல்காரர் எழுதியது:

ஐயா, மார்க்கெட்டில் போய் ஒரு கிலோ முகை கொடுங்க என்றால் முகவரி தவறி வந்துவிட்டதாக நினைத்து பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டுவார்கள். அங்கே புழங்குவது மொட்டு, மொக்கு. மக்கள் வாயில் இருக்கிற சொல்லைத்தான் எடுக்க வேண்டும் என்று தம்பியே போன வருஷம் இங்கே சண்டை போட்டாரே!

('மொக்கு' வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன். 'பத்து லட்சம் மொக்கு' என்று திரையில் வந்தால் பையன்கள் அதை 'மொக்கை' என்றுதான் படிப்பார்கள்.)

---

ஒத்தக்கடை அக்கா எழுதியது:

இத்தனை நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

'தங்க்' ஹாஸ்கெலோடு பிறந்த சொல் இல்லை. அல்கால் 60 என்ற பழைய நிரல்மொழிக்குத் தொகுப்பி எழுதியவர்களிடமிருந்து வந்தது; பீட்டர் இங்கர்மன் 1961-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அல்காலில் ஒரு செயற்கூறுக்கு மதிப்பைப் பெயர்வழி அனுப்பினால், உள்ளே அந்தப் பெயர் வரும் ஒவ்வொரு இடத்திலும் கணக்கு மறுபடி நடக்கும். பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவை. அந்தத் தங்க் பூவே இல்லை, வீட்டுக் குழாய். திறக்கும்போதெல்லாம் புதுத் தண்ணீர். அதைப் போய் மொட்டு, முகை என்றால் மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று. தன் விடைக்குத் தன்னையே கேட்கும் கணக்கு வந்தால் என்ன சொல்வீர்கள்? ஜிஎச்சி, கணக்கிட்டுக்கொண்டிருக்கும் தங்க்கைக் கருந்துளை என்று குறித்துவைக்கிறது. கணக்கு சுற்றிவந்து அதையே மறுபடி தொட்டால், பெரும்பாலும் சுழல் என்று சொல்லி நிறுத்திவிடும். மலர்வதற்குத் தன் மலரையே கேட்கும் முகை! உவமையை இழுக்கும்போது எங்கே அறுகிறது என்று தெரிந்திருந்தால் நல்லது.

---

அவனியாபுரத்தான் எழுதியது:

அக்கா, குழாய் விஷயத்தில் தோற்றேன். அதற்கு அண்ணனின் 'தங்கல்' சரியாக உட்காருகிறது: கணக்கு தங்கி நிற்கிறது, கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடுகிறது, மறுபடி வந்து தங்குகிறது. ஒரு தடவை மட்டும் விரிந்து விடையாகவே ஆகிவிடுவது வேறு ஜாதி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதற்காக நாமும் ஒரே பெயர் வைக்க வேண்டியதில்லை. அண்ணே, லாட்டரி உங்களுக்கும் பாதி விழுந்துவிட்டது.

கருந்துளைக்குப் பூவில் இடமில்லை. கருந்துளையாகவே இருக்கட்டும்.

இனி மொட்டா, முகையா. மக்கள் வாய்ச்சொல் வேண்டும் என்று நான் சண்டை போட்டது உண்மைதான். ஆனால் இந்த வழக்கைத் தீர்த்துவைத்தது நானும் இல்லை, குறளும் இல்லை (ஐயா மன்னிக்க). யூனிகோடு.

நேற்று ராத்திரி 'மொட்டு' என்பதைச் சிறப்புச்சொல்லாகத் தொகுப்பியில் ஏற்றினேன். என் மடிக்கணினியில் ஓடியது. நண்பர் அவருடைய கணினியிலிருந்து அனுப்பிய கோப்பில் அதே சொல்லைத் தொகுப்பி "அறியாத பெயர்" என்றது. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன. கோப்பைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: 'மொ'வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். நான் அடித்தது 18 பைட், அவர் அனுப்பியது 21. நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் எங்கள் சொல்பிரிப்பி பைட்டைத்தான் பார்க்கிறது, பூவைப் பார்க்கவில்லை.

உள்ளே வரும் நிரலை முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். அது எப்படியும் செய்தாக வேண்டிய வேலை, செய்கிறேன். ஆனால் முகையில் அந்தத் தொல்லையே இல்லை. உகரத்துக்கும் ஐகாரத்துக்கும் ஒவ்வொரு குறியீடுதான். யார் அடித்தாலும் 12 பைட். பூக்காரருக்குப் புரியாது என்பது சரி. பூக்காரர் எங்கள் மொழியில் நிரல் எழுதும் நாள் வரட்டும், அவரிடமே கேட்டு மாற்றிவிடுகிறேன்.

ஆகவே சிறப்புச்சொல் 'முகை', செயல் 'மலர்த்து'. இரண்டையும் ஏற்றிவிட்டேன். பிழைச்செய்தி இப்போது இப்படி வருகிறது: "வரி 7: 10,00,000 முகைகள் மலராமல் குவிந்துள்ளன. ஒவ்வொரு சுற்றிலும் தொகையை மலர்த்தவும்." அக்கா பையனிடம் காட்டினேன். படித்தான், ஏழாவது வரிக்குப் போனான், ஒரு 'மலர்த்து' போட்டான், 50,000 கோடியே 5 லட்சம் வந்தது. யாரையும் திட்டவில்லையே என்று மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டான்.

ஒன்று பாக்கி. ஒரு கணக்கை மேல் அடுக்கு மட்டும் திறந்து, உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவைக்கும் நிலை ஒன்று உண்டு. பட்டியல் காலியா இல்லையா என்று தெரிந்தால் போதும், முதல் எண் என்ன என்று தெரிய வேண்டாம் என்கிற மாதிரி. பாதி விரிந்த பூ. விரியும் பருவத்துக்குப் 'போது' என்று ஒரு சொல் உண்டென்று அகராதியில் பார்த்தேன், அழகாக இருந்தது. ஆனால் எங்கள் மொழியில் 'போது' ஏற்கெனவே நிபந்தனைக்குப் போய்விட்டது. 'எண் சுழியாகும் போது' என்று எழுதுகிறோம். ஐயா, வேறு சொல் இருந்தால் ஞாயிறு காலை பத்து மணிக்குள் அனுப்புங்கள், இந்தப் பதிப்பிலேயே ஏற்றிவிடலாம்.