மாட வீதியில் வைஃபையைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும், யோசனை சொல்லுங்கள்

தெப்பக்குளத் தெரு:

எல்லோருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் தெப்பக்குளத்தைச் சுற்றி, தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி ஒரு கலை வேலை செய்ய நானும் இரண்டு நண்பர்களும் கிளம்பியிருக்கிறோம். தெருவெங்கும் நிறைந்திருக்கிற வைஃபை அலை எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு, எங்கே ஒன்றுமே இல்லை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் சித்தி வீட்டில் மாட்டிக்கொண்டேன். கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. மழை விட்டபின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஏணிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் மட்டும் ஒரு கோடு சிக்னல் வருவதை யாரோ கண்டுபிடித்தார்கள், இரண்டடி தள்ளினால் போய்விடும். இரண்டாவது மாடிப் பாட்டி கோலமாவு டப்பாவோடு வந்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அப்புறம் மொத்தக் குடியிருப்பும் வரிசையில் நின்றது. ஒவ்வொருவராக வட்டத்துக்குள் போய் 'நல்லா இருக்கோம்' என்று ஊருக்குச் சொல்லிவிட்டு வந்தோம். சித்தி கோட்டை மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே போனார்.

2011-இல் நார்வேயின் ஆஸ்லோவில் டிமோ ஆர்னால் என்ற வடிவமைப்பாளரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் செய்த வேலையைச் சிலர் பார்த்திருப்பீர்கள். நான்கு மீட்டர் கம்பில் 80 எல்இடி விளக்கு, சிக்னல் கூடினால் வெளிச்சம் உயரே ஏறும், குறைந்தால் இறங்கும். கம்பைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடப்பார்கள், கேமராவை நீண்ட நேரம் திறந்து வைத்துப் படமெடுத்தால் தெரு நடுவே வெள்ளைத் திரை ஏறி இறங்கி நிற்கும். அதையே இங்கே செய்யலாமா, இல்லை நம் தெருவுக்கு வேறு வழி இருக்கிறதா? திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தையும் மனதில் வைத்திருக்கிறேன்.

பழைய ஆண்டெனா:

தம்பி, அந்த நான்கு மீட்டர் கம்பை மட்டும் மாட வீதிக்குக் கொண்டுவராதீர்கள். நம் சந்துகளில் தலைக்கு மேல் கேபிள் டிவி ஒயர், அதற்கும் மேல் மின்கம்பி. அலுமினியக் குழாய் கூடவே கூடாது. இரண்டு மீட்டருக்குள் பிவிசி குழாய் போதும், தரை ஈரமாக இருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

ரிச்சி தெருவில் ஈஎஸ்பி8266 என்கிற, வைஃபை உள்ள சின்ன மின்னணு போர்டு ஒன்று, எல்இடி ஸ்டிரிப் இரண்டு மீட்டர், ஒரு பவர் பேங்க், இவ்வளவுதான் சாமான். அந்த போர்டு சிக்னலை மைனஸ் எண்ணில் காட்டும், ரூட்டருக்குப் பக்கத்தில் நின்றால் மைனஸ் 30, மைனஸ் 90-க்குப் போனால் அநேகமாக அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் அசையாமல் நின்றாலும் எண் நாலைந்து ஏறி இறங்கும், அதனால் ஐந்தாறு தடவை படித்து சராசரி எடுங்கள்.

உங்கள் மொட்டை மாடி வட்டத்துக்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. தொட்டி, சுவர், பக்கத்துக் கட்டடம் எல்லாவற்றிலும் பட்டுத் திரும்புகிற அலைகள் ஓரிடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து பலம் பெறும், கொஞ்சம் தள்ளினால் ஒன்றையொன்று அடித்துவிடும். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. கையை நகர்த்தினால்கூட எண் மாறுவது அதனால்தான். இன்னொன்று, மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், அது இந்த அலையை உறிஞ்சும். அறுபத்துமூவர் அன்று கூட்டம் நெருங்கி நிற்கும்போது ஒரு தடவை அளந்துவிட்டு, மறுவாரம் காலியான தெருவில் அதே இடத்தில் அளந்து பாருங்கள். எனக்கு அதுதான் படமாக வர வேண்டும் என்று ஆசை.

ரயில் நிலைய வளாகத்தில் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஸ்டாண்டு போட வேண்டாம்.

இழைக்கோலம்:

கம்பெல்லாம் எதற்கு? உங்கள் பாட்டி ஏற்கெனவே செய்து காட்டிவிட்டாரே!

ஜனவரியில் மயிலாப்பூர் விழாவுக்கு வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும், நான் பல வருடம் போட்டிருக்கிறேன், அந்தத் தெருவின் தரை எனக்கு நன்றாகத் தெரியும். என் யோசனை புள்ளிக் கோலம். பத்தடிக்கு ஒரு இடத்தில் அளவு எடுங்கள். மைனஸ் 50-க்கு மேலே இருந்தால் ஏழு புள்ளி ஏழு வரிசை, 60 வரை ஐந்து புள்ளி, 70 வரை மூன்று, 80 வரை ஒற்றைப் புள்ளி, அதற்கும் கீழே போனால் தண்ணீர் தெளித்த வெறும் தரை. குளத்தைச் சுற்றி நடக்கிறவருக்குக் கோலம் பெருத்தும் சிறுத்தும் வருவது யாரும் விளக்காமலே புரியும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால்தான் முடியும், எட்டு மணிக்கு மேல் வண்டி ஏறிவிடும். காய்கறிக் கடைக்காரர்களிடம் முதல் நாளே போய்ப் பேசிவிடுங்கள், அவர்கள் இடத்தில் கேட்காமல் மாவு போட்டால் எனக்கே கோபம் வரும். கல் மாவு வேண்டாம், பச்சரிசி மாவு வாங்குங்கள், எறும்பும் குருவியும் தின்னட்டும்.

மூன்றாம் நடைமேடை:

கோல யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் எதை அளக்கப்போகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ரூட்டர் தன் பெயரை நொடிக்குச் சுமார் பத்துத் தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருக்கும், அதன் பலத்தை மட்டும் எடுத்தால் போதும். போகிறவர் வருகிறவரின் போன் பக்கம் போகவே கூடாது. 2013-இல் லண்டனில் ஒரு விளம்பர நிறுவனம் குப்பைத்தொட்டிகளில் கருவி வைத்து, கடந்துபோன போன்களின் அடையாள எண்ணைச் சேகரித்தது, அது வெளியே தெரிந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. ரூட்டர் பெயர்களையும் எங்கும் எழுத வேண்டாம், பலர் வீட்டு எண்ணையும் குழந்தை பெயரையும் வைத்திருக்கிறார்கள்.

சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் பெர்லினில் 99 பழைய போன்களைச் சின்னத் தள்ளுவண்டியில் போட்டு இழுத்துப்போனார், கூகுள் வரைபடத்தில் காலித் தெரு நெரிசல் என்று சிவந்துவிட்டது. போன்கள் எல்லாம் அவரே கொண்டுவந்தவை, வேறு யாருடைய தகவலையும் அவர் தொடவில்லை. எனக்கு அந்த வேலையில் பிடித்ததே அதுதான்.

தெப்பக்குளத் தெரு:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, கம்பை விட்டுவிட்டோம், ஆனால் திருவிழாக் கூட்டத்தில் அளக்கும் யோசனையை விடப்போவதில்லை. நண்பர்களிடம் காட்டினேன், மூன்று பேரும் கோலத்துக்கே ஒத்துக்கொண்டோம். அக்கா, எங்கள் மூவரில் யாருக்கும் ஏழு புள்ளி நேராக வராது. இந்த ஞாயிறு காலை ஐந்தரைக்குத் தெற்கு மாட வீதி முனையில் போர்டோடு நிற்போம், முதலில் அளவு மட்டும். நீங்கள் வர முடிந்தால் சித்தியையும் வேளச்சேரியிலிருந்து கூட்டி வருகிறேன், அந்தப் பாட்டியிடமும் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.