மறு: பெருங்குடலை உணவுக்குழாயாக வைப்பது – 'குடல் பதியம்' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உணவுக்குழாய் கெட்டுப்போனவருக்கு அவருடைய பெருங்குடலிலிருந்தே ஒரு துண்டை எடுத்து உணவுக்குழாயாக வைக்கும் அறுவைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஐயா ஒருவர் சொன்ன 'குடல் மாற்று' வேண்டாம் என்பேன். சிறுநீரக மாற்று, கல்லீரல் மாற்று என்று கேட்டுப் பழகிய காது, யாரோ குடலைத் தானம் கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும். இங்கே கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள். 'குடல் ஒட்டு' பரவாயில்லை, ஆனால் தோல் ஒட்டு மாதிரி முழுக்க வெட்டி எடுத்து வைப்பதில்லையே! பெருங்குடல் துண்டின் இரு முனைகளையும் வெட்டினாலும் இரத்தக்குழாய்க் காம்பை விட்டுவைத்து, பெரும்பாலும் நெஞ்செலும்புக்குப் பின்னால் கழுத்துவரை ஏற்றுகிறார்கள். காம்பு முறுக்கிக்கொண்டால் துண்டு அழுகிவிடும். தாய்ச்செடியோடு தொடர்பு அறாமல் கிளையை வேறிடத்தில் பிடிக்கவைக்கும் பதியம்தான் இதற்குப் பொருந்துகிறது. பிற்பாடு தாயிடமிருந்து வெட்டுவார்களே என்று தோட்டக்காரர்கள் கேட்கலாம். உவமையை அதுவரை இழுக்க வேண்டாம்.

அம்மா ஒருவர் எழுதிய 'புதிய உணவுக்குழாய்' நோயாளிக்கு இதமாக இருக்கும், ஆனால் உண்மையில்லை. பெருங்குடல் இடம் மாறினாலும் சுபாவம் மாறுவதில்லை. விழுங்கியதும் அலை எழுப்பி உணவைத் தள்ளுவது உணவுக்குழாயின் வேலை. இந்தத் துண்டு விழுங்குவதோடு ஒத்துச் சுருங்காது. சாப்பாடு பெரும்பாலும் தன் எடையால்தான் இறங்குகிறது. இரைப்பை அமிலம் மேலேறினால் சுருங்கித் தள்ளப் பார்க்கும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்வதும், சாப்பிட்டதும் படுக்காதே, தலைமாட்டை உயர்த்திக்கொள் என்பதும். பேரியம் என்ற, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தால், பைபையாகப் புடைத்த பெருங்குடலின் அமைப்பு மார்புக்குள் அப்படியே தெரியும். வெள்ளை மருந்து ஏதோ ஒரு வளைவில் தேங்கி நிற்கும். பல ஆண்டுகள் கழித்து, பெருங்குடலில் வரக்கூடிய கட்டி அங்கேயும் வரலாம். பிற்பாடு பார்க்கிற டாக்டருக்கு இது தெரிய வேண்டாமா? பெயரில் 'குடல்' இருந்தே ஆக வேண்டும்.

1911இலேயே தொடங்கிய அறுவை இது. சென்னை அரசு மருத்துவமனைகளுக்குக் கழிவறை ஆசிட்டால் உணவுக்குழாய் வெந்து சுருங்கிப்போய் வருகிறவர்கள் உண்டு. இரைப்பையும் கெட்டிருந்தால் பெருங்குடல்தான் கைகொடுக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'குடல் பதியம் வைத்தவர்' என்று இருந்தால் வியாசர்பாடியிலிருந்து வருகிற ஒரு பாட்டிக்கும் புரியும்.

அப்புறம், நாளாக நாளாக அந்தத் துண்டு நீண்டு வளைந்து உணவு தேங்குகிறதே, அதற்கு 'மிகைநீட்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குத் 'தொய்வு' போதும்.

குடலின் இயல்பான அலை இரைப்பையை நோக்கி இருக்கும்படி வைத்தால் 'நேர்ப்பதியம்', தலைகீழாக வைத்தால் 'எதிர்ப்பதியம்' என்று போட்டிருக்கிறேன். அறுவை மருத்துவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.